கரையோரக் கிளினிக், மதுரை நிபுணர், ஒரே திட்டம்: பல் சிகிச்சையை டிஜிட்டலில் சேர்ந்து திட்டமிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் ஒன்றிரண்டு நாற்காலிகளோடு கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்குமானது இது. தாடையெலும்பில் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்வேர்) வைப்பவர், ஈறு நிபுணர், கிளிப் போடும் ஆர்த்தோ மருத்துவர், செயற்கைப் பல் செய்யும் லேப் எல்லாம் பெரும்பாலும் மதுரையில். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கி.மீ. ஒருமுறை போய்வந்தால் நோயாளிக்கு ஒரு நாள் பிழைப்பு போயிற்று. "நிபுணர் பார்க்கட்டும்" என்று நாம் அனுப்ப, அங்கே "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிட, மூன்றாவது முறை அவர் வருவதில்லை.

படமும் ஸ்கேனும் முதலில் மதுரைக்குப் போய், திட்டம் முடிவான பிறகு நோயாளி பஸ் ஏறினால் போதும். ஆனால் வாய்க்குள் விட்டுப் பற்களை முப்பரிமாணமாகப் பதியும் ஸ்கேனரை வாங்கிய கையோடு பலர் செய்வது, கோப்புகளைக் குவித்து அனுப்பிவிட்டு "பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று ஒரு வரி போடுவது. என்ன கேட்கிறோம் என்று தெரியாத கோப்புக்குப் பதில் வராது; வந்தாலும் உதவாது. கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியைத் தயார் செய்வதற்கான வரிசை.

1. திட்டத்துக்கு ஒரே பொறுப்பாளர்

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருவர்தான் பொறுப்பாளர். பெரும்பாலும் அது நோயாளியை நேரில் பார்க்கும் கரையோரக் கிளினிக்கின் மருத்துவர். நிபுணர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் இதை மாற்ற வேண்டாம். இரவு பத்து மணிக்கு முகம் வீங்கினால் நோயாளி கூப்பிடப்போவது உங்களைத்தான்.

யார் எதை முடிவு செய்வது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். பல் எங்கே நிற்க வேண்டும் என்பது கிரவுன் (மேலே மாட்டும் பல் வடிவ உறை) செய்பவர் சொல்ல வேண்டியது. அந்த இடத்தில் எலும்பு இருக்கிறதா, இல்லையென்றால் எப்படி உண்டாக்குவது என்பது அறுவை செய்பவருடையது. பொருளுக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்பதை லேப் சொல்லும். இந்த வரிசை தலைகீழானால், எலும்பு இருக்கிற இடத்தில் இம்ப்ளான்ட் நிற்கும், அதன் மேல் பல் கோணலாக உட்காரும்.

பதில் சொல்லக் கெடுவும் வேண்டும். 48 மணி நேரம் நியாயமான அளவு. வலியோடு இருப்பவருக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்காதீர்கள், போனில் கூப்பிடுங்கள்.

நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் பதிவுகள், யாரிடம், எதற்காகப் போகின்றன என்று தமிழில் நான்கு வரி போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் அடிப்படையில் இதைத்தான். முகப்படத்தைக் கிளினிக்கின் விளம்பரத்துக்குப் போடுவது இந்தச் சம்மதத்தில் அடங்காது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஸ்கேனர் கட்டாயமில்லை. இதைச் சொன்னால் பலருக்கு வியப்பு. நல்ல அளவெடுத்து, ஜிப்சத்தில் பல் மாதிரியை ஊற்றி, லேப்பில் அதை ஸ்கேன் செய்யச் சொன்னாலும் கோப்பு கோப்புதான். ஆனால் ஆல்ஜினேட் (தண்ணீரில் குழைக்கும் அச்சுப் பொடி) அளவை அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். ஈரம் வற்றியதும் சுருங்கும். மதுரை போய்ச் சேரும்போது அது வேறு வாய். எடுத்த உடனே கிளினிக்கிலேயே மாதிரியை ஊற்றிவிட்டு, இறுகிய மாதிரியை அனுப்புங்கள்.

கட்டாயம் வேண்டியவை: கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர் இரண்டு, வாய்க்குள் வைக்கும் கண்ணாடிகள், 100 மி.மீ. மேக்ரோ லென்ஸோடு ஒரு கேமரா அல்லது நல்ல போன், ஈறு ஆழம் அளக்கும் புரோப், மேல் கீழ்ப் பற்கள் தொடுகின்றனவா என்று கடிக்க வைத்துப் பார்க்கும் 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் தாள், கணினிக்கு யு.பி.எஸ். ஸ்கேன் பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம்.

உப்புக் காற்றை மறக்க வேண்டாம். ஸ்கேனரின் இணைப்பு முனைகளிலும் கண்ணாடியின் பூச்சிலும் அது வேலையைக் காட்டும். வேலை முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் பெட்டியில் வையுங்கள். மண்டபத்தில் ஒரு நாள், ராமநாதபுரத்தில் ஒரு நாள் என்று ஸ்கேனரைக் காரில் எடுத்துப் போகிறவர்கள், ஒவ்வொரு இடமாற்றத்துக்குப் பிறகும் கேலிபரேஷன் (அளவைச் சரிசெய்தல்) செய்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். குலுங்கலும் வெப்ப மாற்றமும் அளவைக் குலைக்கும். திரையில் அது தெரியாது.

3. பல்லுக்கு முன் நாட்காட்டி

முதல் நாள் வாயைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டியது, "எத்தனை நாள் கையில் இருக்கிறது?" என்பது. திட்டத்தை உடைப்பது பெரும்பாலும் இதுதான்.

விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பல் எடுப்பது, புண் ஆறுவது, பல் செட் கட்டுவது எல்லாவற்றையும் அதற்குள் அடக்கலாம். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் தொடங்கினால் உண்டு; மே கடைசியில் தொடங்கினால் பாதி வாயோடு கடலுக்குப் போவார். நாட்டுப்படகுக்காரருக்கு இந்தத் தடை கிடையாது. அவரிடம், "அண்ணே, எந்தெந்த நாள் கரையில இருப்பீங்க?" என்று தனியாகக் கேட்டுக் குறியுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்கள் அதிகம். "காக்கா (அண்ணே), டிக்கெட் என்னைக்கு?" என்ற கேள்விக்கான விடை கோப்புறையின் முதல் வரியில் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் தண்ணீர் பீய்ச்சும் வேலைக்குப் பகலில் பலர் ஒத்துக்கொள்வதில்லை. அந்த மாதத்துக்கு மாலை நேரங்களைத் தனியே ஒதுக்குங்கள்.

4. மருந்துச் சீட்டும் வாய் திறக்கும் அளவும்

சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். மருந்துச் சீட்டைப் படமெடுத்து கோப்புறையில் போடுங்கள். ரத்த மாத்திரையை நிறுத்துவது பற்றி இதய மருத்துவரைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை, முழுதாகத் திறந்த நிலையில் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களில் வாய் இறுகிப் போனவர்கள் உண்டு. கைடு (இம்ப்ளான்ட் துளையின் இடத்தையும் கோணத்தையும் காட்டும் அச்சடித்த தகடு) வழியாகத் துளையிடும் டிரில் வழக்கமானதைவிட நீளம். 40 மி.மீ.க்குக் குறைவாகத் திறக்கும் வாயில் பின்கடைவாய்க்கு அது நுழைவதே சிரமம். எல்லாம் திட்டமிட்டு, கைடும் அச்சடித்து, அறுவை மேஜையில் இதைக் கண்டுபிடிப்பதைவிட அநியாயம் வேறில்லை. அளப்பதற்குப் பத்து நொடி ஆகும். வாய் இறுகியிருந்தால் கன்னத்தின் உட்புறத்தை நன்றாகப் பார்த்து, வெண்படலமோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

5. படங்கள்: எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம்

எல்லா நோயாளிக்கும் ஒரே வரிசை: முகம் இயல்பாக, முகம் சிரித்தபடி, பக்கவாட்டு முகம், ரிட்ராக்டரோடு பல் கடித்து, ரிட்ராக்டரோடு சற்றே திறந்து, வலப்பக்கம், இடப்பக்கம், மேல்தாடை, கீழ்த்தாடை. ஒன்பது படம். வரிசை மாறாமல் இருந்தால், எது விடுபட்டது என்பதை மதுரையில் திறப்பவர் உடனே கண்டுபிடிப்பார்.

போனில் எடுப்பவர்கள் அருகில் போகாமல், தள்ளி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுக்க வேண்டும். மிக அருகில் அகன்ற லென்ஸில் எடுத்தால் முன்பல் பெரிதாகவும் பின்பல் சிறிதாகவும் தெரியும். அதை வைத்துச் சிரிப்பு வடிவமைத்தால் பல் அளவே தப்பாகிவிடும். அழகுபடுத்தும் ஃபில்டரை நிறுத்துங்கள். ஈறின் சிவப்பை அதுதான் முதலில் அழிக்கும்.

கண்ணாடி வைத்து எடுத்த படத்தில் இடம் வலமாகத் தெரியும். அதைத் திருப்பிய பிறகே கோப்புறையில் போடுங்கள், மூலத்தைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து கிடந்தால் ஒருநாள் யாராவது தப்பான பக்கத்தைப் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு அடைத்த பல்லை அடையாளமாக வைத்துக்கொண்டு, படத்திலும் ஸ்கேனிலும் அது ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் எடுப்பதை வேலை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். வாய் பத்து நிமிடம் திறந்திருந்து பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியும். ஷேட் துண்டை (நிற மாதிரிப் பல்) பல்லின் அதே தளத்தில், விளிம்போடு விளிம்பாக வைத்து, அதன் எண் படத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும்.

6. ஸ்கேன்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தடுமாற்றம் ஸ்கேனரில் இல்லை, ஈரத்தில்.

ஸ்கேனர் எச்சிலையும் ரத்தத்தையும் பல்லாகவே நினைத்துப் பதியும். நாக்குக்கு அடியிலும் கன்னத்திலும் பஞ்சு வைத்து, காற்றடித்து உலர்த்தி, நாற்காலி விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த வெளிச்சம் கேமராவைக் குழப்பும். முனை சூடாகும் வரை பொறுக்க வேண்டும். நம் புழுக்கத்தில் குளிர்ந்த முனையை வாயில் விட்டதும் பனிபடியும்.

பாதை: ஒரு பக்கக் கடைசிக் கடைவாய்ப் பல்லின் கடிக்கும் பரப்பில் தொடங்கி மறு பக்கம் வரை, பிறகு நாக்குப் பக்கமாகத் திரும்பி வந்து, கடைசியாகக் கன்னப் பக்கம். பாதையை நடுவில் மாற்றினால் மென்பொருள் துண்டுகளை ஒட்டும்போது சிறு பிழை சேரும். பல்வரிசையின் முழு வளைவில் அந்தப் பிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெருகிக்கொண்டே போகும். அதனால்தான் ஒற்றைக் கிரவுனுக்கு அருமையாக வரும் ஸ்கேன், பல் அதிகம் இல்லாத தாடையில் கைவிடுகிறது. நீண்ட வெற்று ஈறில் ஸ்கேனருக்குப் பிடித்துக்கொள்ள அடையாளம் ஒன்றும் கிடையாது. முழுப் பல் செட்டுக்குப் பழைய முறையில் அளவெடுப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. புதுக்கருவி வாங்கியதற்காக அதை எல்லாவற்றிலும் நுழைக்க வேண்டியதில்லை.

கடி ஸ்கேன் தனிக் கவனம் கேட்கும். நோயாளி வழக்கமாகக் கடிக்கும் இடத்தில் கடிக்கிறாரா? ஸ்கேனர் கன்னத்துக்குள் நுழைந்ததும் தாடையை ஒரு பக்கமாக நகர்த்துகிறவர்கள் அதிகம். முதலில் ஷிம்ஸ்டாக் தாளை வாயில் வைத்து, எந்தெந்தப் பற்கள் தாளைப் பிடிக்கின்றன என்று எழுதுங்கள். பிறகு மென்பொருளில் தொடும் புள்ளிகளைக் காட்டச் சொல்லி ஒப்பிடுங்கள். வாயில் 16-உம் (மேல் வலது முதல் கடைவாய்ப் பல்) 26-உம் (அதே பல், இடது பக்கம்) பிடிக்கிறது, திரையில் வலப்பக்கம் மட்டும் தொடுகிறது என்றால் கடி ஸ்கேனை அழித்து மறுபடி எடுங்கள். இதை விட்டால், லேப்பிலிருந்து வரும் கிரவுன் உயரமாக இருக்கும். நாற்காலியில் அரை மணி நேரம் அரைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பல்லைச் செதுக்குவதற்கு முன்பும் ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். பழைய வடிவம் நோயாளிக்குப் பழகிய வடிவம். லேப் அதை அப்படியே பிரதி எடுக்கலாம். செதுக்கிய பிறகு, ஈறு ஓரம் தெரியும்படி நூல் வைத்து விலக்கி, ரத்தம் நின்ற பிறகே ஸ்கேன். ஓரக் கோடு உங்கள் கண்ணுக்குத் திரையில் தெரியவில்லை என்றால் லேப்பில் இருப்பவருக்கும் தெரியாது. அவர் ஊகித்துப் போடுவார்.

கோப்பு வடிவம்: எஸ்.டி.எல். (முப்பரிமாண வடிவக் கோப்பு) எங்கும் திறக்கும், ஆனால் நிறம் இருக்காது, அளவின் அலகும் இருக்காது. மில்லிமீட்டரை அங்குலமாகப் படித்துவிட்டால் பல் 25.4 மடங்கு வேறுபடும். ஈறு ஓரம் பார்க்க வேண்டிய வேலைக்கு நிறத்தோடு வரும் பி.எல்.ஒய். கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன் 11-ஆம் பல்லின் (மேல் வலது நடு முன்பல்) அகலத்தை வாயில் காலிப்பரால் ஒருமுறை, திரையில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

7. சிபிசிடி

சிபிசிடி என்பது தாடையெலும்பை முப்பரிமாணமாகக் காட்டும் எக்ஸ்ரே. தேவைப்பட்டால் மட்டும், தேவையான பகுதிக்கு மட்டும். ஒரு பல்லுக்காகத் தலை முழுவதையும் எடுப்பது வீண் கதிர்வீச்சு.

ஸ்கேன் சென்டருக்கு எழுதும் சீட்டில் எந்தப் பகுதி, எதற்காக, 0.2 மி.மீ. வாக்செல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி), மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே பஞ்சு வைத்து எடுக்கவும் என நான்கையும் குறிப்பிடுங்கள். பற்கள் ஒட்டிக் கடித்த நிலையில் எடுத்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றாகக் கலந்து தெரியும். வாய் ஸ்கேனை அதன் மேல் பொருத்த முடியாது.

திரும்பி வரும்போது சென்டரில் ஃபிலிமும் பி.டி.எஃப். அறிக்கையும் தருவார்கள். அவை திட்டமிட உதவாது. டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் மூலப் படங்கள்) முழுத் தொகுப்பாக வேண்டும். நூற்றுக்கணக்கில் இருக்கும், அப்படியே ஜிப் செய்து ஏற்றுங்கள். திரையைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எதையும் அளக்க முடியாது.

வாயில் உலோகக் கிரவுன்கள் அதிகமென்றால் சிபிசிடியில் கோடு கோடாகச் சிதறும், பல்லின் விளிம்பு மறையும். அப்படிப்பட்டவருக்கு முன்கூட்டியே கட்டா பெர்ச்சா (எக்ஸ்ரேயில் தெரியும் ரப்பர் போன்ற பொருள்) அடையாளங்கள் பதித்த தகட்டை மாட்டி எடுக்க வேண்டும். வாய் ஸ்கேனை சிபிசிடி மேல் பொருத்தியதும் வலம், இடம், முன்பக்கம் என மூன்று இடங்களில் குறுக்கு வெட்டைத் திறந்து, வாய் ஸ்கேனின் கோடு பல்லின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது வழக்கமான தவறு.

8. கோப்புறையும் பெயரும்

ஒரு நோயாளிக்கு ஒரே கோப்புறை, மேகச் சேமிப்பில், பகிர்ந்தவர்கள் மட்டும் திறக்கும்படி. வாட்ஸ்அப் குழுவில் பேசலாம், முடிவுகளை அங்கே விட்டுவிடக் கூடாது. மூன்று வாரம் கழித்து "அந்த மெசேஜ் எங்கே" என்று தேடுவீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

கோப்பின் பெயர் இப்படி: 0147_20260417_36_1. நோயாளி எண், தேதி, பல், எத்தனையாவது பதிப்பு. நோயாளியின் பெயர் வேண்டாம். தமிழ் எழுத்தும் இடைவெளியும்கூட வேண்டாம்; சில வடிவமைப்பு மென்பொருள்கள் அவற்றைத் திறக்க அடம்பிடிக்கும். "கடைசி", "புதியது", "இதுதான் சரி" என்றெல்லாம் பெயர் வைத்தால் ஒரே மாதத்தில் மூன்று "கடைசி" இருக்கும்.

பல் எண்ணில் எல்லோரும் இரண்டு இலக்க எஃப்.டி.ஐ. (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) முறையையே பயன்படுத்த வேண்டும். சில மென்பொருள்கள் 1 முதல் 32 வரையிலான அமெரிக்க எண்ணோடு திறக்கும். நம் 16 மேல் வலது முதல் கடைவாய்ப் பல். அந்த முறையில் 16 என்பது மேல் இடது ஞானப்பல். அமைப்பில் ஒருமுறை மாற்றிவிட்டு, பல் எடுக்கும் கேஸ்களில் எண்ணோடு "மேல் வலது" என்று எழுத்திலும் சேர்த்து எழுதுங்கள்.

9. கேள்வியை எழுதுவது

கோப்பு எல்லாம் ஏறிய பிறகு ஒரு பக்கக் குறிப்பு. அதன் வடிவம் இது மாதிரி:

"வணக்கம் மேடம். நோயாளி 0147, ஆண், 41 வயது. மே 30 அன்று துபாய் திரும்புகிறார், இன்று ஏப்ரல் 17. அவர் கேட்பது: உடைந்த முன்பல் சரியாக வேண்டும், இடது பக்கம் மெல்ல வேண்டும். இருப்பது: 11 உடைந்து சொத்தை ஆழம், 36 எடுத்துச் சில ஆண்டுகள், ஈறில் ரத்தம், ஆழம் எங்கும் 3 மி.மீ.க்கு மேல் இல்லை. சர்க்கரை இல்லை. வாய் 46 மி.மீ. திறக்கிறது. என் எண்ணம்: 11-க்கு வேர் சிகிச்சை, கிரவுன், 36-க்கு இம்ப்ளான்ட் இந்த விடுப்பில், பல் அடுத்த விடுப்பில். என் கேள்விகள்: (1) 36-இல் நரம்புக்கு மேல் போதிய உயரம் உண்டா? (2) 46 மேலே ஏறியதுபோல் 26 கீழே இறங்கியிருக்கிறதா, கிரவுனுக்கு இடம் போதுமா?"

இரண்டாவது கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது, கவனித்தீர்களா? 36 கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்; அதற்கு எதிரே இருப்பது 26; கீழ் வலதில் இருக்கும் 46-க்கு அங்கே வேலையே இல்லை. இப்படிப்பட்ட தட்டச்சுப் பிழைகள் தினமும் நடக்கும். அதனால்தான் உதவியாளர் ஒருவர் அனுப்பும் முன் குறிப்பைச் சத்தமாகப் படிக்க, மருத்துவர் திரையில் அந்தந்தப் பல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

"என் எண்ணம்" என்ற வரியை விடாதீர்கள். தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். நிபுணருக்கு வெற்றுத் தாளை நிரப்புவதைவிடத் திருத்துவது சுலபம். உங்களுக்கும் அந்தத் திருத்தத்திலிருந்துதான் கற்க முடியும்.

10. இருபது நிமிடச் சந்திப்பு

பலருடைய கை படும் கேஸ்களுக்கு மட்டும் வீடியோவில் சந்தித்தால் போதும். எல்லாரும் ஒரே திரையைப் பார்க்கும்படி ஒருவர் பகிர வேண்டும். இம்ப்ளான்ட் திட்டத்துக்கு ப்ளூ ஸ்கை பிளான் போன்ற மென்பொருளில் இலவசமாகவே திட்டமிடலாம். கைடைக் கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் கட்டணம்.

பேச்சின் வரிசை: முதலில் பல்லின் வடிவம், பிறகு இம்ப்ளான்டின் இடம், பிறகு எலும்பு. கீழ்த்தாடை நரம்புக் குழாயிலிருந்து 2 மி.மீ., பக்கத்துப் பல்வேரிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளான்ட் நடுவே 3 மி.மீ. இந்த இடைவெளிகளைத் திரையில் அளந்து சத்தமாகச் சொல்லுங்கள். கைடு வைத்தாலும் 1 மி.மீ. அளவுக்கு விலகல் வரலாம். ஆகையால் 2 மி.மீ. என்பது பேரம் பேசும் எண் இல்லை.

முடிவில் பொறுப்பாளர் நான்கு வரியில் முடிவை எழுதி அங்கேயே கோப்புறையில் போட வேண்டும். "அப்புறம் அனுப்புறேன்" என்றால் ஆளுக்கொரு ஞாபகத்தோடு கலைவார்கள்.

11. நோயாளியின் வாயில் ஒத்திகை

முன்பல் மாற்றங்களைத் திரையில் மட்டும் காட்டிச் சம்மதம் வாங்காதீர்கள். கணினிப் படத்தில் எல்லாரும் அழகுதான். வடிவமைத்த பல்லை லேப் மாதிரியாக அச்சடித்துத் தரும். அதன் மேல் சிலிக்கான் அச்சு எடுத்து, தற்காலிகப் பிசினை ஊற்றி வாயில் உட்கார வைத்தால், பல்லைத் தொடாமலே புது வடிவம் தெரியும்.

பேச வைத்துப் பாருங்கள். "வ" சொல்லும்போது கீழுதடு மேல்பல் விளிம்பை லேசாகத் தொட வேண்டும். "வாவல் மீன் வாங்கி வா" என்று சொல்லச் சொல்லுங்கள். உதடு இடித்தால் பல் நீளம். "பஸ், சீசா, சாயங்காலம்" என்னும்போது சீழ்க்கை கேட்டாலோ பல் முட்டினாலோ வடிவத்தைத் திருத்த வேண்டும். வீட்டுக்காரரோ அம்மாவோ கூட வந்திருந்தால் அவரும் பார்க்கட்டும். வீட்டுக்குப் போனபின் வரும் "இது என்ன பல்லு" என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம்.

12. திட்டத்தைப் பூட்டி, நாளோடு எழுதுவது

ஒத்திகைக்குப் பிறகு திட்டத்துக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்துப் பூட்டுங்கள். அதன் பின் மாற்றம் என்றால் புதுப் பதிப்பு, காரணத்தோடு.

மேலே உள்ள 0147 எண்காரரின் நாட்கள் இப்படி ஓடும். முதல் வாரம் ஈறு சுத்தம், 11-இல் சொத்தையை நீக்கி வேர் சிகிச்சை, தற்காலிகப் பல். ஈறு சுத்தம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: வீங்கிய ஈறின் ஓரத்தில் கிரவுன் வைத்தால், வீக்கம் வடிந்து ஈறு இறங்கும்போது கிரவுனின் விளிம்பு வெளியே தெரியும். இரண்டாவது வாரம் மதுரை. இம்ப்ளான்ட் வைக்க ஒரே பயணம். தையல் பிரிப்பது 7 முதல் 10 நாளில், உங்கள் கிளினிக்கிலேயே. நான்காவது வாரம் ஈறு அடங்கியதைப் பார்த்து 11-ஐச் செதுக்கி ஸ்கேன். கடைசிப் பத்து நாளில் கிரவுன் பொருத்தி, கடி பார்த்து முடிக்கிறோம். 36-இன் இம்ப்ளான்ட் குறைந்தது மூன்று மாதம் எலும்போடு சேரட்டும். அந்தப் பல் அடுத்த விடுப்புக்கு.

ஈறின் ஆழம் 5 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் இந்தத் திட்டமே வேறு. அப்போது இந்த விடுப்பு முழுக்க ஈறுக்கு, 6 முதல் 8 வாரம் கழித்து மறு அளவு, இம்ப்ளான்ட் அடுத்த முறை. "எப்படியாவது இந்த லீவுலயே முடிச்சுடுங்க டாக்டர்" என்ற வற்புறுத்தல் வரும். வளைந்து கொடுக்கக் கூடாத இடம் அது.

13. லேப், பார்சல், பொருத்தும் நாள்

லேப்புக்கு எழுதும்போது பொருள், நிறம், ஓரத்தின் வகை, தேவைப்படும் தேதி நான்கும் இருக்கட்டும். வடிவமைப்பை லேப் முடித்ததும் உலாவியில் திறக்கும் முப்பரிமாணக் காட்சியாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே அரைக்கவோ அச்சடிக்கவோ வேண்டும். மெல்லிய இடம் சிவப்பாகத் தெரிந்தால், பல்லை இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டும் என்று பொருள். அது கிரவுன் உடைந்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

அச்சடித்த கைடு பிசினால் ஆனது. மே மாத வெயிலில் பஸ் டிக்கிக்குள் மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் வளையக்கூடும். தெர்மோகோல் பெட்டியில் வைத்து, முடிந்தால் இரவு பஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் முதலில் மாதிரியில், பிறகு வாயில் உட்கார வையுங்கள். கைடில் விட்டிருக்கும் சன்னல் ஓட்டைகள் வழியாகப் பார்த்தால் அது பல்லை ஒட்டியிருக்க வேண்டும். விரலால் ஒரு பக்கம் அழுத்தும்போது மறுபக்கம் எழும்பினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. இந்தச் சோதனையை அறுவைக்கு முந்தைய நாளே உங்கள் கிளினிக்கில் முடியுங்கள். நோயாளி மதுரை போய் ஏமாறக் கூடாது. கிருமி நீக்கம் அந்தப் பிசினைச் செய்தவர் சொன்ன முறைப்படி மட்டும். எல்லாப் பிசினும் ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது.

கிரவுன் பொருத்தும் நாளில் மறுபடி ஷிம்ஸ்டாக்: வேலைக்கு முன் பிடித்த பற்கள் எல்லாம் இப்போதும் தாளைப் பிடிக்க வேண்டும். பிடித்தால், அன்றே முழு வாயையும் இன்னொரு முறை ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் வையுங்கள். அடுத்த விடுப்பில் அவர் வரும்போது பல் நகர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, ஈறு இறங்கியிருக்கிறதா என்று இந்த ஸ்கேனின் மேல் வைத்துத்தான் பார்ப்பீர்கள்.